முன்பே மொட்டையா, தானாக உதிரட்டுமா?

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) தொடங்கினால், 2 முதல் 4 வாரங்களில் முடி உதிரத் தொடங்குவது வழக்கம். (எல்லா மருந்துக்கும் உதிராது, மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.) வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால் எது நல்லது?

தானாக உதிர விட்டால் இன்னும் சில நாள் பழைய முகத்தோடு இருக்கலாம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அது தேவைப்படலாம், தவறில்லை. ஆனால் தலையணையிலும் குளியலறையிலும் கொத்துக் கொத்தாகக் கிடக்கும் முடியைப் பிள்ளையும்தான் பார்க்கிறது. கேட்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும்.

முன்பே எடுத்தால் அந்த நாள் எது என்பதை நாமே குறிக்கிறோம். அதனால்தான் என் மனம் இந்தப் பக்கம் சாய்கிறது. பிள்ளையிடம் சில நாள் முன்பே சொல்லுங்கள். கூட இருக்க விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தவே கூடாது. சவரக்கத்தி வேண்டாம், டிரிம்மர் போதும்: கீமோ காலத்தில் சிறு வெட்டிலும் தொற்று வரலாம். பிள்ளையின் பள்ளிக்கு நீங்கள் வரும்போது தொப்பியா, விக்கா, வெறுந்தலையா என்பதையும் பேசிவிடுங்கள். நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அந்த வயதின் பெரிய பயம்.

எந்த வழியானாலும், புருவமும் இமைமுடியும்கூடப் போகலாம் என்று சொல்லிவையுங்கள். சிகிச்சை முடிந்து பெரும்பாலும் 1 முதல் 3 மாதங்களில் முடி மீண்டும் முளைக்கத் தொடங்கும்.