மார்பக ஆபரேஷனுக்குப் பின் அரிப்பு: எண்ணெயா, கலமைனா, ஈரத்துணியா?

புற்றுநோய்க்கு மார்பக ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால் பார்க்க வருபவர்கள் வலியைத்தான் விசாரிக்கிறார்கள், அரிப்பைக் கேட்பாரில்லை. புண் ஆறும்போதும், வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப வளரும்போதும் அரிக்கும். மதுரை வெயிலில் வியர்வை வேறு சேர்ந்துகொள்ளும். நகம் மட்டும் வேண்டாம். அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கையில் சின்னக் கீறல் பட்டாலும் கிருமி தொற்ற வழி.

பெரியவர்கள் முதலில் நீட்டுவது தேங்காய் எண்ணெய். தையல் முழுக்க மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகு காய்ந்த தழும்புக்கு நல்லதுதான். அக்குளிலும் மார்பின் அடி மடிப்பிலும் பூசினால் கசகசப்புதான் மிச்சம். நம் ஊர்க் கோடைக்கு வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் க்ரீமே லேசு. ரேடியேஷன் நடக்கும்போது எதைத் தடவுவதானாலும் ரேடியேஷன் கொடுப்பவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்.

பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடம் அதே அளவில், ஓரம் அச்செடுத்ததுபோல் சிவந்து அரித்தால் அது பசை ஒவ்வாமை. அங்கே கலமைன் லோஷன் ஜெயிக்கும். ஆனால் தோலை உலர்த்திவிடும். வறண்ட தழும்புக்கு ஆகாது. அடுத்த முறை கட்டு மாற்றும்போது வேறு பிளாஸ்டர் கேளுங்கள்.

புண் மூடிவிட்டதென்றால் என் ஓட்டு ஈரத்துணிக்கு. நைந்த சுங்குடிச் சேலையில் ஒரு துண்டு, துவைத்தது, பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் போட்டால் போதும். செலவே இல்லை. ஐஸ் இன்னும் வேகம்தான். ஆனால் ஆபரேஷன் செய்த இடமும் அக்குளும் பெரும்பாலும் மரத்துக் கிடக்கும், குளிர் தோலைப் பொசுக்குவதே தெரியாது.

அலர்ஜி மாத்திரையில், அவில் ஆளைத் தூங்கவைத்துவிடும். செட்ரிசினில் அது குறைவு. நரம்பு அரிப்புக்கு இரண்டும் அவ்வளவாகக் கேட்காது. எடுத்துவிட்ட மார்பே அரிப்பதுபோல் சிலருக்குத் தோன்றும், சொரிய அங்கே ஒன்றும் இருக்காது. பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நரம்பின் வேலை. டாக்டரிடம் சொன்னால் அதற்கென்று தனி மருந்து உண்டு.

மஞ்சள் பத்து மட்டும் வேண்டவே வேண்டாம். சில தோலுக்கு அதுவே அரிப்பைக் கிளப்பும்; போதாக்குறைக்கு அடியில் பரவும் சிவப்பையும் மறைத்துவிடும். பரவும் சிவப்பு, சூடு, சீழ், காய்ச்சல் என்று எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். கிண்ணத்தோடு வந்து நிற்கும் அத்தையிடம், “டாக்டர் எதையும் பூசக் கூடாதுன்னுட்டார் அத்தை” என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் பேரைச் சொன்னால் அத்தை மறுபேச்சுப் பேசமாட்டார்.