கையா, கன்னா, டார்க் ரெஞ்சா?

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு சின்ன கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பிகள் முதல் வாரமே கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, எல்லா நட்டுக்கும் டார்க் ரெஞ்ச் போடணுமா? கையிலேயே தெரியாதா?" டார்க் ரெஞ்ச் என்பது நாம் வைத்த அளவுக்கு இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனர். நியாயமான கேள்விதான். இங்கே சிஓஇ-யை, அதாவது கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமச் சான்றைப் புதுப்பித்து 10 வருடம் தாண்டி ஓடும் கார்கள் நிறைய வருகின்றன. அவற்றில் ஒரே போல்ட்டைப் பலர் பலமுறை கழற்றி மாட்டியிருப்பார்கள். அதனால் எப்படி இறுக்குகிறோம் என்பது பெரிய விஷயம்.

முதலில் கை. ஆரம்பத்துக்குக் கையை விட்டால் வேறு வழியே கிடையாது. போல்ட்டை விரலால் நாலைந்து சுற்று ஏற்றினால்தான் மரை (போல்ட்டின் திருகு வரி) நேராகப் பிடித்ததா, குறுக்கே ஏறுகிறதா என்று தெரியும். ஆனால் கடைசி இறுக்கத்தைக் கையிடம் விடக்கூடாது. பல ஜப்பானியக் கார்களில் எஞ்சின் ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு) போதும். 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அழுத்தினாலே அந்த 40 வந்துவிடும். பலசாலியான ஒருவர் அதைத் தாண்டியது அவருக்கே தெரியாது. ஒருமுறை ஆயில் மாற்ற வந்த காரில் அந்தப் போல்ட்டைத் திருப்பினேன். பாதியில் கரகரவென்றது. வெளியே வந்தபோது அலுமினிய மரை வெள்ளிக் கம்பிச் சுருள் மாதிரி போல்ட்டோடு சேர்ந்தே வந்தது. முன்பு யாரோ "நல்லா டைட்" வைத்திருக்கிறார்கள். அன்று புது மரை போட்டுக் கொடுக்க அரை நாள் போனது.

அடுத்து இம்பாக்ட் கன், அதாவது தட்டித் தட்டி நட்டைத் திருப்பும் துப்பாக்கி வடிவக் கருவி. கழற்றுவதற்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. இங்குள்ள ஈரக்காற்றில் துருப்பிடித்துப் போன நட்டு கூட இரண்டு தட்டில் இளகும். ஆனால் வீல் நட்டைக் கன்னாலேயே முழுசாக இறுக்கி முடிக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஒரு நட்டு அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் ஏறினால் பிரேக் டிஸ்க் ஒரே சீராக உட்காராது. நட்டு ஏறும் ஸ்டட் கம்பி இழுபடும். நடுராத்திரி எக்ஸ்பிரஸ்வேயில் டயர் பஞ்சரானால், காரோடு வந்த சின்ன ஸ்பேனரை வைத்து அந்த நட்டை யாராலும் அசைக்க முடியாது.

டார்க் ரெஞ்ச்தான் என் தேர்வு. ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நாம் கொடுக்கும் திருகு விசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலும், 40 சதவீதம் மரையின் உராய்விலும் போய்விடுகிறது. பிடித்து வைக்கும் வேலைக்குக் கிடைப்பது சுமார் 10 சதவீதம்தான். மரையில் மண்ணும் துருவும் இருந்தால் அதுவும் குறையும்; ரெஞ்ச் 'டக்' என்று சொல்லிவிடும், உள்ளே பிடிப்பு இருக்காது. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் தடவிய மரைக்கு வைத்தால் நேர்மாறாக, போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். அதனால் ரெஞ்சை எடுக்கும் முன் கம்பி பிரஷ், துணி, நல்ல வெளிச்சம் மூன்றும் வேண்டும். எஞ்சின் பிளாக்கில் அடிப்பக்கம் மூடிய துளைகளில் எண்ணெயோ கூலண்டோ தேங்கியிருந்தால் கட்டாயம் காற்றடித்து வெளியேற்றுங்கள். போல்ட் இறங்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக வழியில்லை. பிளாக்கே விரிசல் விடலாம்.

எஞ்சின் பிளாக்கின் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டின் போல்ட் மட்டும் தனி. பல எஞ்சின்களில் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கி, பிறகு 90 பாகை என்று கோணக் கணக்கில் திருப்பச் சொல்வார்கள். அப்படி இறுக்கும்போது போல்ட் வேண்டுமென்றே நீட்டப்படுகிறது. பழையதையே திரும்பப் போடலாமா என்பதை அந்த எஞ்சினின் மேனுவல்தான் சொல்ல வேண்டும். நீள வரம்பு கொடுத்திருந்தால் வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். கழுத்து ஒல்லியாகியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், புதுசு போடுங்கள். ஒரு செட் போல்ட்டின் விலை, ஹெட்டை இரண்டாம் முறை இறக்கும் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

தம்பிகளுக்கு நான் பழக்குவது இதுதான்: கழற்றக் கன், ஏற்ற விரல், முடிக்க டார்க் ரெஞ்ச். வீல் நட்டை நட்சத்திர வடிவில் எதிரெதிராக இறுக்க வேண்டும். ரெஞ்ச் ஒருமுறை 'டக்' என்றால் நிறுத்திவிட வேண்டும். இன்னொரு தடவை இழுத்தால் அளவு கூடிவிடும். அந்த ரெஞ்சை வைத்து எதையும் கழற்றக்கூடாது. முடித்த நட்டின் மேல் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு. சாயங்காலம் ரெஞ்சை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பிய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்க்க அனுப்பிவிடுகிறோம். டயர் கழற்றி மாட்டிய கார்க்காரர்களிடம், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு நிமிடம் வந்து போகச் சொல்கிறேன், நட்டை மறுபடி பார்க்க.