பழைய கிறிஸ்துமஸ் பொம்மைய புதுசாக்கித் தர்றோம்னு வர்றவங்க கிட்ட உஷாரா இருங்க, 18,000 போச்சு

செம கடுப்புல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. கடைசில இந்த பொம்மைங்கள உருப்படியா எப்படி சரி பண்றதுன்னும் டீடெயிலா எழுதுறேன், முதல்ல நடந்தத கேளுங்க.

வாசல்ல வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பொம்மைங்க இருக்குல்ல, உள்ள வெத்தா இருக்கும், பல்ப் போட்டா மொத்த உருவமும் பளிச்சுனு தெரியும், அந்த டைப். கிறிஸ்துமஸ் தாத்தா ஒண்ணு, ஸ்னோமேன் ஒண்ணு, மான் ஜோடி. வெயில் பட்டு பட்டு தாத்தாவோட சிவப்பு கோட்டு ரோஸ் கலருக்கு வந்துடுச்சு, கைய வச்சு தேய்ச்சா வெள்ளையா பொடி ஒட்டும். வீட்ல எல்லாரும் தூக்கிப் போட்டுடலாம்னாங்க, எனக்கு மனசு வரல. இப்ப இதே மாதிரி கனமான பொம்மை கிடைக்கிறதில்ல, காத்தடைச்ச துணி பொம்மைதான் எங்க பாத்தாலும்.

அப்பதான் ஆன்லைன்ல சாமான் விக்கிற வாங்குற ஒரு பக்கத்துல இந்தாளோட விளம்பரம் கண்ல பட்டுச்சு. முன்ன பின்ன ஃபோட்டோ, யூவி கோட்டிங் (வெயில் தாங்குற மேல்பூச்சு), அஞ்சு வருஷம் கேரண்டி, எல்லாம் இருந்துச்சு. நாலு பொம்மைக்கும் சேத்து 18,000, முழுசா முன்னாடியே தரணும்.

சும்மா ஃபோட்டோவ பாத்து நான் காசு குடுக்கல. ஆளையே வர வச்சேன். வந்தான், பொறுமையா நாலையும் தட்டிப் பாத்தான், தாத்தாவ திருப்பி முதுகுப் பக்கம் ஒரு துணியால உள்ளங்கை அளவு துடைச்சான் பாருங்க, சத்தியமா சொல்றேன், அந்த இடம் மட்டும் கடைல வாங்கினப்ப இருந்த அதே ரத்தச் சிவப்பு. சுத்தி ரோஸ், நடுவுல சிவப்பு. "இது வெறும் க்ளீனிங்தான் சார், பெயிண்ட்டு, கோட்டிங்லாம் இனிமேதான்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். வீட்டுக்காரம்மா கூட "அட"ன்னாங்க. அந்த அட-க்குதான் 18,000.

அந்த துணில என்ன இருந்துச்சுன்னு அப்புறம் கார் பம்பருக்கு பெயிண்ட் அடிக்கிற ஒருத்தர் கிட்ட பொம்மைய காட்டினப்பதான் புரிஞ்சுது. சிலிக்கான் ஆயில், டயருக்கு பளபளப்புக்கு தடவுற வகை. வெயில்ல பிளாஸ்டிக்கோட மேல்தோல் அரிச்சு கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்துடும், அதுல வெளிச்சம் சிதறுறதாலதான் வெளுத்த மாதிரி தெரியுது. ஆயில் அந்த வெடிப்புக்குள்ள இறங்கினதும் கலர் தூக்கலா தெரியும், காஞ்ச கூழாங்கல்ல தண்ணில நனைச்சா மின்னுமே அப்படி. போன கலர் ஒண்ணும் திரும்பி வரல, ஆயில் போனா பழையபடி ரோஸ்தான்.

சரி, எடுத்துட்டுப் போன பொம்மை திரும்பி வந்துச்சு. ராத்திரி இருட்டுனப்புறம்தான் கொண்டு வந்து இறக்கினான், பல்ப் போட்டதும் எல்லாம் ஜோரா இருந்துச்சு. காலைல பாத்தா ஸ்னோமேன் உடம்பு பூரா பிசுபிசுன்னு தூசி அப்பியிருக்கு. அப்புறம் ஒரு மழை, அவ்ளோதான். தாத்தா கோட்டுலேர்ந்து சிவப்பு சாயம் கோடு கோடா வடிஞ்சு வெள்ளை பூட்ஸ் ஓரம் பூரா இறங்கியிருக்கு. இடுப்பு பெல்ட்டுல அடிச்ச கறுப்பு பெயிண்ட நகத்தால லேசா நெம்புனேன், ஒரே பட்டையா உரிஞ்சு கைல வருது. ஒரு மானோட காது இவன் கைல உடைஞ்சிருக்கு போல, இன்ஸ்டன்ட் க்ளூ வச்சு ஒட்டி மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கான், தொட்டதும் விழுந்துச்சு. இந்த பொம்மைங்க பெரும்பாலும் பாலிஎத்திலீன்ங்கிற பிளாஸ்டிக், அதுல அந்த க்ளூ பிடிக்கவே பிடிக்காது. சாதா பெயிண்ட்டும் அப்படித்தான். இந்த தொழில்னு சொல்லிக்கிறவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

போன் பண்ணேன். "மழைல வச்சீங்களா சார்?"னு கேக்குறான். டேய் வாசல்ல வைக்கிற பொம்மைடா அது! மழை வந்தா மானை எல்லாம் உள்ள ஓட்டிட்டு வரணுமா? அடுத்து "கெமிக்கல் செட் ஆக டைம் எடுக்கும் சார்". அதுக்கப்புறம் "டீம் கிட்ட பேசிட்டு சொல்றேன்", எந்த டீம்னு தெரியல, வந்தது இவன் ஒருத்தன்தான். அப்புறம் பொம்மையோட குவாலிட்டியே சரியில்லையாம், அவங்க வேலைல தப்பே இல்லையாம். கேரண்டி என்னாச்சுன்னேன், அது கோட்டிங்குக்குதான், கலருக்கு இல்லன்னான். கோட்டிங் எங்க இருக்குன்னு கேட்டதுக்கு பதிலே வரல, மறுபடி பண்ணணும்னா பாதி சார்ஜ்னு மட்டும் மெசேஜ் வந்துச்சு. 18,000 குடுத்தவன்கிட்ட இன்னும் ஒம்பதாயிரம் கேக்குறான், என்ன ஒரு தைரியம்!

அந்த ஆன்லைன் பக்கத்துல கம்ப்ளைன்ட் போட்டா, டெலிவரி முடிஞ்சுதுன்னு பதிவாகியிருக்கு, வெளில நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்க பொறுப்பில்லன்னு ரெடிமேட் பதில். கீழ "எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?"னு வேற. 18,000 ஸ்டார் தரட்டுமா?

பம்பர்காரர் சொன்னதுல வயித்தெரிச்சல் என்னன்னா, காசு போனது மட்டும் இல்ல. சிலிக்கான் ஏறின பிளாஸ்டிக்ல இனி நல்ல பெயிண்ட் அடிச்சாலும் அங்கங்க வட்டம் வட்டமா விலகி நிக்குமாம், அத மொத்தமா எடுக்கறதே தனி வேலையாம். சும்மா வெளுத்து கிடந்தப்பவே நேரா பெயிண்ட்டுக்கு போயிருக்கலாம், கெடுத்து குடுத்திருக்கான் பாவி.

டீடெயிலா எழுதுறேன்னேன், இப்ப அதுக்கு பொறுமை இல்ல, முக்கியமானத மட்டும் சொல்றேன். யாராவது துடைச்சு காட்டினா உடனே சோப்புத் தண்ணி விட்டு அதே இடத்த கழுவ சொல்லுங்க, காய விட்டு பாருங்க. பெயிண்ட் அடிச்சு குடுத்தா மாஸ்கிங் டேப் ஒட்டி சட்டுனு இழுங்க, டேப்போட வந்தா காசு குடுக்காதீங்க. நீங்களே பண்றதா இருந்தா சோப்பு போட்டு கழுவி, நைசான உப்புத்தாள் தேய்ச்சு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடைச்சு, பிளாஸ்டிக்குக்குன்னு இருக்கிற ப்ரைமர் (பெயிண்ட் பிடிக்க முதல்ல அடிக்கிற பூச்சு), அப்புறம் பிளாஸ்டிக் ஸ்ப்ரே பெயிண்ட் மெல்லிசா ரெண்டு மூணு கோட்டு, மேல யூவி தாங்குற க்ளியர், அதாவது கலர் இல்லாத பூச்சு. அமுக்கினா மொறுமொறுன்னு விரிசல் விடுற அளவுக்கு இத்துப்போன பொம்மைக்கு எந்த கோட்டிங்கும் உயிர் குடுக்காது, செலவு பண்ணாதீங்க. சீசன் முடிஞ்சதும் நிழல்ல எடுத்து வைங்க, உள்ள அதிகம் சூடாகாத எல்ஈடி பல்ப் போடுங்க. முழு பணத்தையும் முன்னாடி குடுக்காதீங்க.

அந்தாள் இன்னிக்கும் புதுசா ஒரு தாத்தா ஃபோட்டோ போட்டிருக்கான். கீழ ஒரு அக்கா "ரேட் என்ன?"னு கேட்டிருக்காங்க. அவங்களுக்கு மெசேஜ் போட்டுட்டு வர்றேன்.