கேட்ச் கேனோடு மூன்று ஆண்டுகள்: எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு முழக் குழாய்

போன வாரம் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, டொயோட்டா 86 வாங்கிட்டேன். முதல் வேலையா கேட்ச் கேன் போடலாம்னு இருக்கேன். நீங்க போட்டிருக்கீங்களே, எப்படி?" இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. கேட்ச் கேன் என்பது, எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஆவியில் கலந்த எண்ணெயையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும் டப்பா. அந்தக் கருவி மேல் இருக்கும் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

என்னுடையது 2013 டொயோட்டா 86, மேனுவல் கியர். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போக வர ஓடுகிறது, வருஷத்தில் மூன்று நான்கு நாள் செப்பாங் பந்தயத் தடத்திலும் ஓடுகிறது. அதன் எஃப்ஏ20 எஞ்சினைப் பற்றி இதைப் படிப்பவர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. இது பாக்ஸர் என்பதை மட்டும் மனசில் வையுங்கள். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்துக் கிடப்பதால், நீளமான வளைவில் எண்ணெய் வெளிப்பக்கத்து ஹெட்டுக்குள் (சிலிண்டர்களை மூடும் பகுதி) போய்த் தேங்கும். செப்பாங்கில் ஏழும் எட்டும் அடுத்தடுத்து வரும் வலது வளைவுகள். அங்கே இடது ஹெட்டில் தேங்குகிற எண்ணெய், ஆவி வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக, எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்கு ஏறிவிடும். நான் கேன் போட்டது அதற்காகத்தான். வால்வில் கரி படியாமல் இருக்க வேண்டும் என்று பலர் இதைப் போடுகிறார்கள். 86-இல் அந்தக் காரணம் அவ்வளவு எடுபடாது. டி-4எஸ் என்ற அதன் பெட்ரோல் தெளிக்கும் அமைப்பில், சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்டரோடு, வால்வுக்கு முன்னால் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்டரும் இருக்கிறது, அதிலிருந்து தெளிக்கும் பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே இருக்கும்.

நான் வாங்கியது இரட்டைக் கேன். பிசிவி வால்வுக்கும் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மறுபடி எரிய அனுப்பும் வால்வு) இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) நடுவில் ஒன்று, ஹெட் பிரீதர்களுக்கும் ஏர் இன்டேக் குழாய்க்கும் நடுவில் இன்னொன்று. உள்ளே எஃகு நார் அடைத்திருந்தார்கள். பளபளவென்று சிவப்பு சிலிக்கான் குழாய்களும் கூடவே வந்தன. வெல்டிங் அருமை, அடியில் திறந்து வடிக்கும் குழாய் மூன்று வருஷத்தில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அந்தப் பாராட்டைக் குறைக்க மாட்டேன்.

முதல் எட்டு மாதம் சந்தோஷமாகவே போனது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்தால் ஒரு சின்னக் கோப்பையில் பாதி வரும். பால் அதிகம் ஊற்றிய காப்பி நிறம், மேலே மெல்லிய நுரை, மூக்கைச் சுருக்க வைக்கும் பெட்ரோல் வாடை. அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, கேனுக்குள் வந்து குளிர்கிறது. இதைப் பார்த்து எஞ்சினே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். செப்பாங் போய்வந்த அன்று மட்டும் பிரீதர் கேனில் சுத்தமான கறுப்பு எண்ணெய் இருக்கும். அது அங்கே இருக்க இருக்க எனக்கு நிம்மதி.

அப்புறம் ஆரம்பித்தது தொல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் சாயங்கால நெரிசல், அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு வழி கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் குப்பென்று நீலப் புகை. ஒரே ஒரு தடவைதான், அப்புறம் ஒன்றுமில்லை. காலையில் வண்டி சொக்கத்தங்கம். வாரம் போகப் போக போனட்டுக்குள் எண்ணெய் வாடை, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கின் கைப்பிடி அரை விரல் மேலே எழும்பி நின்றது, அதைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக எண்ணெய்.

கேனை மாட்டிக்கொடுத்த பட்டறைக்கே போனேன். புகையைக் கேட்டதும், "பிஸ்டன் வளையம் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்றார்கள். ஒன்பதாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம், பார்க்கக்கூட இல்லை! வேறு இடத்தில் கம்ப்ரெஷனும், அழுத்தம் கசிகிறதா என்று பார்க்கும் லீக்டவுனும் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று சமம், வளையத்தில் குற்றமே கிடையாது. அங்கே இருந்த ஒருவர், குழாய்களைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ஃபில்டரை மாட்டி ஆவியை வெளியே விட்டுவிடச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் காலத்தில் கார்கள் இந்த ஆவியை ஒரு குழாய் வழியே ரோட்டிலேயேதான் விட்டன. காற்று கெட்டுப்போய், 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பிசிவியைக் கட்டாயமாக்கினார்கள். அறுபது வருஷம் பின்னால் போய் அந்தப் புகையை நானே நெரிசலில் உட்கார்ந்து முகர வேண்டுமா? அதோடு, உறிஞ்சும் வேலையே நின்றுவிட்டால் எஞ்சினுக்குள் ஈரம் தங்கி எண்ணெய் சீக்கிரம் கெடும்.

கடைசியில் வீட்டு வாசலில் நானே உட்கார்ந்தேன். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, மருத்துவர்கள் போடும் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றை அந்த வாயில் மாட்டி, ரப்பர் பேண்டால் கட்டினேன். பிசிவி ஒழுங்காக வேலை செய்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலில் எஞ்சினுக்குள் இலேசான வெற்றிடம் இருக்கும், கையுறை உள்ளே இழுபடும். எஞ்சின் குளிர்ந்திருந்தபோது அப்படித்தான் இழுபட்டது. நான் எழுந்து போகவில்லை. இருபது நிமிஷம் ஆனது. ஐந்து விரலும் ஒவ்வொன்றாக வெளியே வந்து, கையுறை முழுசாக உப்பி நிமிர்ந்து நின்றது.

சூடேறினால் மட்டும் எங்கோ அடைக்கிறது. வெளியே தெரிகிற அடைப்பு எதுவும் இல்லை. பிசிவி வால்வைக் குலுக்கினால் கிடுகிடுவென்று சத்தம் வருகிறது, கேன் வழியே ஊதினால் காற்று போகிறது. அப்போதுதான் கேனிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் சிவப்புக் குழாயைத் தொட்டேன். வளைவில், அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது சப்பையாக ஒட்டிக் கிடந்தது. எஞ்சினை அணைத்தேன். இரண்டு விநாடியில் புஸ் என்று பழையபடி உருண்டையானது. பட்டறையில் யார் பார்த்தாலும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தானே பார்ப்பார்கள்!

வெறும் சிலிக்கான் குழாய் தண்ணீருக்கும் காற்றுக்கும் நல்லது, எண்ணெய் ஆவிக்கு ஆகாது. எண்ணெய் அதன் சுவருக்குள் ஊறி, வெளியே வியர்வை மாதிரி பூக்கும், குழாய் கொழகொழவென்று ஆகிவிடும். ஐடிலில் மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம். சூட்டில் இளகிய குழாயை அது உறிஞ்சி ஒட்ட வைத்துவிடும். பிசிவி வழி அடைத்ததும் ஆவியெல்லாம் பிரீதர் பக்கம் திரும்புகிறது, அங்கே எண்ணெயில் ஊறிய எஃகு நார் மறிக்கிறது. எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி டிப்ஸ்டிக்கைத் தள்ளுகிறது. அதையும் மீறிப் போகிற எண்ணெய் இன்டேக் குழாயில் தேங்கி, மிதிக்கும்போது ஒரே மூச்சில் எரிந்துவிடுகிறது. என் நீலப் புகை அதுதான்.

சந்தேகம் தீர, அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த கம்பெனிக் குழாயை மாட்டி அதே கையுறைச் சோதனையைச் செய்தேன். நாற்பது நிமிஷம் ஆகியும் கையுறை உள்ளேயே இருந்தது. மறுநாள் எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் குழாய், உள்ளே நூல் பின்னியது, ஒரு மீட்டர் வாங்கினேன். முப்பத்தெட்டு வெள்ளி. பிரீதர் கேனில் இருந்த நாரில் பாதியை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம். புகை இல்லை, வாடை இல்லை, டிப்ஸ்டிக் அசையவில்லை. போன மாதம், உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைக் கழற்றிப் பார்த்தேன், விரலில் துணி சுற்றித் துடைத்தால் துணியில் கறை ஒட்டவில்லை. செப்பாங்கில் இரண்டு நாள் முழுக்க ஓட்டியும் இன்டேக் குழாய் காய்ந்தே இருந்தது. வாங்கும்போது சொன்ன வேலையைக் கேன் இப்போது சொன்னபடி செய்கிறது.

விற்றவருக்கு எழுதினேன், படமும் அனுப்பினேன். "வேறு யாரும் புகார் சொல்லவில்லை" என்று ஒரு வரி வந்தது. ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு விற்கும் பொருளில் முப்பத்தெட்டு வெள்ளிக் குழாயில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இன்னொருவர் ஒன்பதாயிரம் கொடுத்து, நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பாரே என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஆகவே தம்பி, என் பதில்: போடாதே. நீ டிராக்குக்குப் போகப் போவதில்லை என்று நீயே சொன்னாய், உன் ஓட்டத்துக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த அமைப்பே போதும். அந்தக் காசில் நல்ல டயர் வாங்கு. என்னுடையதைக் கழற்றிவிடுவேனா என்று கேட்காதே, கழற்ற மாட்டேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாய் அல்லவா? அந்தச் சிவப்புக் குழாயை எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு விரலால் அமுக்கிப் பார்.