தோல் தைக்கும் மெஷின்: வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு தெரிவது

பெட்டியின் மேல் 'ஹெவி டியூட்டி' என்று அச்சிட்டிருப்பதை நம்பித் தோல் வேலைக்கு மெஷின் வாங்கக் கூடாது. வீட்டு மெஷின்களிலும் அந்தச் சொல் இருக்கிறது. ஜீன்ஸ் மடிப்பை அவை தைத்துவிடும், மெல்லிய தோல் இரண்டு அடுக்கும் ஓடும். ஆனால் அவற்றில் அடியில் இருக்கும் பல் மட்டுமே துணியைத் தள்ளுகிறது. தோலோ, மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தில் ஒட்டிக்கொள்ளும் பொருள். அடி அடுக்கு நகர, மேல் அடுக்கு பின்தங்கும். தையல் முடியும் இடத்தில் மேல்தோல் சில மில்லிமீட்டர் மிஞ்சி நிற்பது இதனால்தான். டெஃப்லான் பாதம் மாட்டினால் ஒட்டுவது குறையும். அடுக்கு விலகுவது முழுதாக நிற்காது.

தேவைப்படுவது காம்பவுண்ட் ஃபீட்: ஊசி, அதை ஒட்டியிருக்கும் உள்பாதம், பல் மூன்றும் சேர்ந்து நகர்வது. ஊசி தோலுக்குள் குத்தி நிற்கும்போதே நகர்வதால் அடுக்குகள் விலக வழியில்லை. 'வாக்கிங் ஃபுட்' என்று விற்பதெல்லாம் இந்த வகை அல்ல. சிலவற்றில் பாதமும் பல்லும் மட்டும் நகரும், ஊசி நேராகவே இறங்கும். வாங்கும் முன் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஊசி முன்னும் பின்னும் போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தடிமன். பை, பர்ஸ், ஜாக்கெட் வேலைக்கு ஜூக்கி எல்யூ-1508, கான்ஸ்யூ 206ஆர்பி வகை போதும். அடுக்கெல்லாம் சேர்ந்து 8 மி.மீ. வரை சிரமமில்லாமல் போகும், டெக்ஸ் 135 நூல் அதற்கு இயல்பான அளவு (டெக்ஸ் என்பது நூல் பருமனின் அளவு; எண் கூடினால் நூல் தடிக்கும்). குதிரைச் சேணம், தடித்த பெல்ட், கத்தி உறை என்றால் ஜூக்கி டிஎஸ்சி-441 வடிவில் வரும் சிலிண்டர் மெஷின்கள், அதாவது தட்டை மேசைக்குப் பதில் உருளைக் கைபோல் நீண்ட அடிப்பகுதி உள்ளவை. பெரியதை வாங்கினால் சின்ன வேலையும் செய்துகொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடப்பதில்லை. 441-இன் ஊசித்தட்டுத் துளை அகலமானது. மெல்லிய தோலை ஊசி அதற்குள் இழுத்துக்கொண்டு போகும். பர்ஸும் சேணமும் ஒரே மெஷினில் அழகாக வராது. தைத்து முடித்த பையின் ஓரத்தைத் திருப்பித் தைக்க வேண்டியிருந்தால், தட்டை மேசையைவிடச் சிலிண்டர் வடிவமே கைக்கு வசதி.

மோட்டாரில் பார்க்க வேண்டியது வேகம் அல்ல, மெதுவாக ஓடும்போது இருக்கும் பலம். கிளட்ச் மோட்டார் (எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும், மிதித்தால் மெஷினோடு இணையும்) உழைக்கும். ஆனால் மூலையில் ஒரே ஒரு தையல் வைக்க நல்ல கால்பழக்கம் வேண்டும். மிதித்தால் மட்டும் சுற்றும் சர்வோ மோட்டாரில் கட்டுப்பாடு எளிது. மிகக் குறைந்த வேகத்தில் தடித்த தோலில் ஊசி நின்றுவிட்டால் மோட்டாரில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சின்னதாகப் போடுங்கள். அதுவும் போதாவிட்டால் 3:1 குறைப்புப் புல்லி: வேகம் மூன்றில் ஒன்றாகும், பலம் ஏறத்தாழ மூன்று மடங்காகும். இந்த ஒரு மாற்றம் தையலின் நேர்த்தியையே மாற்றிவிடும்.

ஊசிதான் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பாகம். டெக்ஸ் 70 நூலுக்கு 110 எண் ஊசி, டெக்ஸ் 90-க்கு 120 அல்லது 125, டெக்ஸ் 135-க்கு 140 அல்லது 160, டெக்ஸ் 210-க்கு 180. ஊசி மெல்லியதாக இருந்தால் மேல்நூலும் அடிநூலும் பின்னும் முடிச்சு துளைக்குள் ஏறாமல் அடியிலேயே தங்கும். தடித்தால் மேலே எட்டிப் பார்க்கும். நூல் இறுக்கத்தை (டென்ஷன்) திருகும் முன் ஊசியை மாற்றிப் பார்ப்பது நல்லது. மொத்தம் 2 மி.மீ. தடிமனில் டெக்ஸ் 135 போட்டால் முடிச்சு ஒளிய இடமே இல்லை. அங்கே நூலைக் குறைப்பது தவிர வேறு வழி கிடையாது. 206, 1508 வகைகளுக்குத் துணிமுனை ஊசி 135×17, தோல்முனை ஊசி 135×16. தோல்முனையில் எஸ் வகை தையல் கோட்டின் திசையிலேயே கீறும். தையலைப் பொடியாக வைத்தால் தபால்தலை ஓரம்போல் தோல் கிழிந்துவரும். எல்ஆர் வகை சாய்வாகக் கீறுவதால் தையல் மேல்பக்கம் அழகாகச் சாய்ந்து நிற்கும்.

நாள்பட ஓடிய மெஷினில் வரும் முதல் புகார், தையல் விட்டுவிட்டு விழுவது. உடனே ஹூக் டைமிங்கில் (அடியில் சுற்றி நூலைப் பிடிக்கும் கொக்கி ஊசியைச் சந்திக்கும் நேரம்) கை வைக்க வேண்டாம். பெரும்பாலும் ஊசி ஏறும்போது தோலும் சேர்ந்து எழும்பும். நூல் வளையம் விழாது, ஹூக்குக்கு எதுவும் சிக்காது. பாத அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகும். அழுத்தம் மிஞ்சினால் தாவரச் சாற்றில் பதனிட்ட தோலில் பாதத்தின் தடம் அழியாமல் பதிந்துவிடும். அதற்கு வழவழப்பான பாதமும் பல்லும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தைக் கூட்டியும் தையல் விட்டால் டைமிங்கைப் பாருங்கள்: ஊசி அடிமட்டம் தொட்டு ஏறத்தாழ 2 மி.மீ. ஏறும்போது ஹூக் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, ஊசியின் பின்புறப் பள்ளத்தை உரசாமல் கடக்க வேண்டும்.

நூல் சிக்கி ஹூக் சுற்றாமல் நின்றால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். பல மாடல்களில், சிக்கினால் ஹூக்கைத் துண்டித்துக் காக்கும் பாதுகாப்பு கிளட்ச் விடுபட்டிருக்கும். சிக்கிய நூலை எடுத்து, பொத்தானை அழுத்திக்கொண்டு கைச்சக்கரத்தைச் சுற்றினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையல் போட்டால் அந்தச் சிக்கலே அரிது.

பழைய மெஷின் பார்க்கப் போனால் உங்கள் தோல், உங்கள் நூல், புது ஊசி மூன்றையும் எடுத்துப் போங்கள். இரண்டு அடுக்கிலிருந்து ஆறு அடுக்குக்கு ஏற்றி இறக்கித் தைத்துப் பாருங்கள். பிறகு பின்னோக்கி ஐந்து தையல்: அதே துளைகளில் விழாமல் கொஞ்சம் விலகினால் சரிசெய்யலாம். முன்தையலும் பின்தையலும் வெவ்வேறு நீளத்தில், ஒவ்வொரு முறையும் மாறி மாறி வந்தால் ஃபீட் இணைப்புகள் தேய்ந்திருக்கின்றன; பாகங்கள் கிடைப்பது உறுதியானால் மட்டும் வாங்குங்கள்.