வினிபெக் கௌமயுக்: கிடங்கையே நடுக்கூடத்தில் வைத்த அருங்காட்சியகம்

பனிவீடு, நாய்வண்டி, பழைய ஈட்டி எல்லாம் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள். கனடாவின் வினிபெக் நகரக் கலைக்கூடத்தை ஒட்டி 2021இல் திறந்த கௌமயுக், வடதுருவப் பக்கத்துப் பழங்குடிகளான இனுயிட் மக்களின் கலைக்கென்றே கட்டியது. இங்கே இருப்பதில் பெரும்பகுதி கடந்த எழுபது, எண்பது வருடத்துக் கலைஞர்களின் வேலை.

உள்ளே போனதும் மூன்று மாடி உயரத்துக்கு வளைந்து வளைந்து நிற்கிறது ஒரு கண்ணாடிப் பெட்டகம், அதற்குள் ஏறக்குறைய 5,000 சிற்பங்கள். மற்ற இடங்களில் கிடங்கில் பூட்டி வைத்துவிட்டு நமக்குக் கொஞ்சமாகக் கண்ணில் காட்டுவார்கள், இங்கே கிடங்கையே நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கட்டடக் கலைஞர் மைக்கேல் மால்ட்சனுக்கு இதற்காகவே ஒரு சபாஷ் போடலாம். கரடி, வால்ரஸ், ஆந்தை, அங்கியின் முதுகுப் பைக்குள் குழந்தையைச் சுமக்கும் அம்மா என்று பார்த்துக்கொண்டே போகப் போக ஊருக்கு ஊர் வித்தியாசம் தானாகப் பிடிபடுகிறது. பேக்கர் லேக் சிற்பங்கள் கருத்த கடினமான கல்லில், நுணுக்கம் அதிகமில்லாமல் திண்ணென்று உட்கார்ந்திருக்கும். கேப் டார்செட் என்று முன்பு சொன்ன கிங்கைட் பக்கத்து வேலைகள் பச்சைக் கல்லில் பளபளக்கும். சில ஊர்களில் நம் கல்சட்டிக்கு எடுக்கிற மாக்கல் மாதிரியே மெத்தென்ற கல்லும் உண்டு, கடல்நாய் எண்ணெய் ஊற்றி எரிக்கும் விளக்கை இனுயிட் மக்கள் காலங்காலமாகக் குடைந்தது அதில்தான்.

பழைய சிற்பங்களின் அடிப்பாகத்தில் சிலவற்றில் E என்ற எழுத்தும் அதன் பின்னால் எண்களும் செதுக்கியிருக்கும். விலை எண்ணோ பட்டியல் எண்ணோ இல்லை, செய்தவரின் அடையாள எண். 1941 முதல் கனடா அரசு இனுயிட் மக்களுக்கு எண் பொறித்த வட்டவில்லை கொடுத்து, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளும்படி செய்தது, 1970கள் வரை ஒழியவில்லை. கிழக்குப் பக்கம் E, மேற்குப் பக்கம் W. இவ்வளவு அழகாக ஒரு பறவையைச் செதுக்கிவிட்டு அடியில் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்களே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒரு குறை சொல்வதென்றால், எண்ணிக்கையே கொஞ்சம் திகட்டுகிறது. ஐயாயிரத்தையும் ஒரே மூச்சில் பார்த்தால் கடைசியில் எல்லாக் கரடியும் ஒரே கரடியாகத் தெரியும், அதனால் ஏதாவது இரண்டு தட்டைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள், அப்புறம் மேலே பெரிய காட்சிக்கூடத்துக்குப் போய்விடுங்கள். கூரையில் 22 திறப்புகள் வழியாக வெளிச்சம் இறங்குகிற விசாலமான இடம், கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

வினிபெக்கில் எங்காவது இனுயிட் சிற்பம் வாங்குவதாக இருந்தால் இக்லூ, அதாவது பனிவீட்டுப் படம் போட்ட சீட்டு தொங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். 1958இல் வந்த முத்திரை அது, இப்போது இனுயிட் கலை அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அச்சில் வார்த்த போலிக் கரடிகளுக்கு அந்தச் சீட்டு கிடையாது.