கறிவேப்பிலையும் இரண்டு குழாய் விளக்கும்: ஐந்து பனிக்கால அனுபவம்

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், எங்கள் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்ற்றில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. மரம் என்று சொன்னால் என் கணவர் சிரிப்பார், உயரம் என் நெஞ்சளவுதான். ஆனால் ஐந்து கனடியப் பனிக்காலங்களைக் கண்ட சீவனை வேறு எப்படிச் சொல்வது? அதற்கு மேலே சங்கிலியில் தொங்கும் இரண்டு நாலடி எல்ஈடி குழாய் விளக்குகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. 2020 ஒக்டோபரில் வாங்கியவை. வாங்கி இரண்டு கிழமையில் எழுதிய மதிப்புரைகளை நம்பி ஒருமுறை ஏமாந்தவள் நான். அதனால்தான் இவ்வளவு காலம் பொறுத்து எழுதுகிறேன்.

முதல் கன்று 2019 கோடையில் இங்குள்ள ஒரு தமிழ்க் கடையில் வாங்கியது. ஒரு சாண் உயரம். கோடை முழுக்கப் பின்வளவில் வடிவாகத் தளிர்த்தது. ஒக்டோபரில் உள்ளே எடுத்துத் தெற்குப் பார்த்த யன்னலடியில் வைத்தேன். நவம்பரில் கீழிலைகள் மஞ்சளாகின. தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். தைப்பொங்கலுக்கு ஒரு குச்சிதான் மிச்சம். சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, அழுகல் மணம்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் விளங்கியது. டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. அதிலும் பாதி நாட்கள் மூட்டம். வெளிச்சமும் சூடும் குறைந்தால் கறிவேப்பிலை அரைத் தூக்கத்துக்குப் போய்விடும், தண்ணீர் குடிக்காது. யன்னலடியில் இரவுக் குளிர் வேறு. தூங்குகிற செடியின் காலடியில் குளிர்ந்த சேற்றைக் கட்டி வைத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை.

அடுத்த வருடம் புதுக் கன்று வாங்கிய கையோடு விளக்கும் வாங்கினேன். முதலில் வாங்கியது மேசை விளிம்பில் கவ்விப் பிடிக்கும் ஊதா நிற விளக்கு. வளைகிற கழுத்து மூன்று, மலிவு, அதோடு ஐந்து நட்சத்திரம். இரண்டு மாதத்தில் கழுத்து தளர்ந்து, கொக்கு மீன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப்போட்டது. நேரம் பார்த்து விளக்கை ஏற்றி அணைக்க உள்ளேயிருந்த ரைமர், மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தாலே எல்லாவற்றையும் மறந்துவிடும். பேஸ்மென்ற் யன்னலால் ஊதா வெளிச்சம் வெளியே தெரிய, பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "நாலு செடிதானே?" என்று கேட்டார். இங்கே 2018 ஒக்டோபரிலிருந்து வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி சட்டப்படி வளர்க்கலாம். அவருக்குக் கறிவேப்பிலையைக் காட்டிச் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். பொறுக்க முடியாதது வேறு. ஊதா வெளிச்சத்தில் இலையைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பச்சை இலையும் கறுப்பு, மஞ்சள் இலையும் கறுப்பு. ஒருநாள் சாடியைத் தற்செயலாகக் குசினிக்குக் கொண்டுவந்தபோதுதான் கண்டேன், தண்டு முழுக்கச் செதில் பூச்சி. மண்ணிறத்தில் சின்னச் சின்னப் பொட்டு, தண்டோடு தண்டாக ஒட்டியிருக்கும். நகத்தால் கிள்ளினால் பிசுபிசுப்பாக வரும். எத்தனை கிழமையாக இருந்ததோ! அன்றைக்கே ஊதா விளக்கைக் கழற்றிவிட்டு, வாகனத் தரிப்பறைக்குப் போடும் சாதாரண வெள்ளைக் குழாய் விளக்குகள் இரண்டு வாங்கினோம். ஒவ்வொன்றும் 40 வாற், 5000 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை. 'வளர்ப்பு விளக்கு' என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை, அதனால் விலையும் பாதி.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் சேர்ந்து 80 வாற். நாளுக்கு 14 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 34 கிலோவாற் மணி. எங்கள் ஹைட்ரோ பில்லில், அதாவது மின்சாரக் கட்டணத்தில், அது ஒரு சாப்பாட்டுப் பார்சல் காசுகூட வராது. இருந்தாலும் இவர் விடுவாரா? எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பனிக்காலத்துக் கிழமை நாட்களில் இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை மின்சாரம் மலிவு என்று ரைமரை அதற்கேற்ப வைத்தார். பகலில் யன்னல் வெளிச்சம், இரவில் குழாய் வெளிச்சம். ஆக, செடிக்கு இரவே இல்லை. கறிவேப்பிலை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துத் தட்டிலிருந்த கொத்தமல்லிதான் கோபித்துக்கொண்டு, நாலு இலை விடமுதல் பூத்துவிட்டது. பகல் நீண்டால் அதன் குணம் அப்படி. பேஸ்மென்ற் அறையில் படுக்கும் மாமிக்கும் கதவிடுக்கால் வெளிச்சம் அடித்தது. நாலாம் நாள் காலையில் தேத்தண்ணியோடு வந்து, "பிள்ளை, மனுசருக்கு மட்டுமில்லை, மரத்துக்கும் நித்திரை வேணும்" என்றார். அன்றிலிருந்து காலை ஆறு தொடக்கம் இரவு எட்டு வரை. ஐந்து வருடமாக அதை மாற்றவில்லை. ரைமர் தனியாக வாங்கிய பழைய பல்சக்கர வகை. கிர் கிர் என்று சத்தம் போடும், ஆனால் மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

விளக்கு வாங்கிவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் பனிக்காலத்துத் தோட்ட வேலை என்பது பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டிருப்பது. காலையில் கீழே இறங்கிப் போய்ச் சாடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பேன். பாரமாக இருந்தால் பேசாமல் மேலே வந்துவிடுவேன். தை மாசத்தில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர், அதுவும் வெதுவெதுப்பாக. உரம் நவம்பரிலிருந்து மார்ச் வரை அறவே இல்லை. ஊருக்கு ஃபோன் எடுத்தால் அக்கா, "மோர் ஊத்தடி" என்பா. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது சரி. இங்கே வீட்டுக்குள் ஊற்றினால் மோர் மணமும் ஈயும்தான் மிச்சம்.

ஈ என்றதும் ஞாபகம் வருகிறது. கடைப் பைமண்ணோடு வரும் சின்னக் கறுப்பு ஈக்கள் இரண்டாம் பனிக்காலத்தில் வீடு முழுக்கப் பறந்தன. சோற்றுக் கோப்பையிலும் விழும். மஞ்சள் ஒட்டு அட்டை குத்தி வைத்தேன், அது பறக்கிறதைப் பிடிக்கும். மேல்மண் நன்றாகக் காயும்வரை தண்ணீரை நிறுத்தியதுதான் மண்ணுக்குள் இருந்த புழுக்களை ஒழித்தது.

அதைவிடப் பெரிய எதிரி வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ். வெளியே மைனஸ் 15 என்றால் உள்ளே சூட்டுக்காற்று இரவு பகலாக ஊதும். ஈரப்பதம் பார்க்கும் கருவி 22 வீதம் காட்டிய நாட்கள் உண்டு. இந்த வறட்சி என்றால் செம்பேனுக்குக் கொண்டாட்டம். இலையின் அடியில் உப்புத் தூவியதுபோலப் புள்ளி, காம்படியில் மெல்லிய வலை. ஈரப்பதமூட்டி ஒன்று வாங்கினோம். செடிக்கு நல்லதோ என்னவோ, யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்து, சட்டத்தில் பூஞ்சணம் பிடித்தது. அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். எங்களுக்குச் சரிவந்தது மாமியின் வைத்தியம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சாடி மண்ணைப் பொலித்தீனால் மூடிக் கட்டி, குளியல் தொட்டியில் சரித்துப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவுவார். குழந்தைக்குத் தலை கழுவுவதுபோல ஒரு கையால் தண்டைத் தாங்கிக்கொண்டு. செதில் பூச்சிக்கு ஒரு பழைய பல் துலக்கியும் சவர்க்காரத் தண்ணீரும். இந்த வேலையை செப்ரெம்பர் கடைசியில், இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கமுதல், உள்ளே எடுக்கும்போதே செய்துவிட வேண்டும். ஒரு வருடம் பஞ்சியில் விட்டேன். மாசி வரைக்கும் பல் துலக்கியோடு நின்றேன்.

மற்றப்படி பனிக்காலம் மெதுவாகத்தான் போகும். உள்ளி (வெள்ளைப்பூண்டு) ஒக்டோபரில் பின்வளவில் ஊன்றி மேப்பிள் சருகால் மூடியாயிற்று, அது பனிக்குக் கீழே தன்பாட்டில் கிடந்து யூலையில் கைக்கு வரும். பிளாஸ்ரிக் பால் கலனைப் பாதியாக வெட்டி, விதை போட்டுப் பனியிலேயே வைக்கும் முறை அமெரிக்காவில் பிரபலம். நானும் ஆசைப்பட்டேன். ஒன்ராறியோவில் பெரும்பாலும் பால் பையில் அல்லவா வருகிறது! தண்ணீர்க் கலன் தேடி எடுத்துச் செய்தேன். கடுகுக் கீரையும் கேல் கீரையும் நன்றாக வந்தன. மாசி, பங்குனியில் ஊருக்கு ஊர் நடக்கும் 'சீடி சற்றர்டே' விதைச் சந்தைக்குப் போனால் நாலு பேரோடு கதைத்து விதை மாற்றிக்கொள்ளலாம். வெயில் இல்லாத மாதங்களில் அதுவும் ஒரு மருந்து.

பெப்ரவரி கடைசியில் விளக்குக்கு இரண்டாவது வேலை தொடங்கும். மிளகாய் விதை. பேஸ்மென்ற் சூடு 18 பாகை, அது மிளகாய்க்குக் காணாது. முதல் வருடம் மூன்று கிழமை காத்திருந்து ஐந்தே ஐந்து முளை. அடுத்த வருடம் தட்டுக்குக் கீழே போடும் சூட்டு விரிப்பு வாங்கினேன், ஒன்பதாம் நாள் வரிசையாகத் தலை காட்டின. விளக்குக்கு அடுத்தபடியாக நான் வாங்கியதில் உருப்படியானது அதுதான். முளைத்ததும் விரிப்பை எடுத்துவிட்டு, விளக்கைச் சங்கிலியில் இறக்கி நாற்றுக்கு நாலு விரல் உயரத்தில் தொங்கவிட வேண்டும். ஒரு சாணுக்கு மேல் போனால் நாற்று நூலாக நீண்டு சாயும். இன்னொரு வருடம் நாற்றுத் தட்டின் மூடியைத் திறக்க மறந்து, ஒரே இரவில் இருபது தக்காளி நாற்றுகள் அடித்தண்டு கருகிப் படுத்துவிட்டன. இப்போது சின்னக் காற்றாடி ஒன்று எப்போதும் சுற்றும். மே மாத விக்ரோறியா தின விடுமுறை வரை இவ்வளவும் அந்த எட்டடி வெளிச்சத்துக்குக் கீழேதான்.

அப்படியானால் வாங்கலாமா? யன்னலடியில் மணிபிளாண்ட் வைத்திருப்பவருக்குத் தேவையில்லை. கறிவேப்பிலை, மல்லிகை என்று ஊர்ச் செடியை உயிரோடு வைத்திருக்க ஆசைப்படுபவர் இதை முதலில் வாங்கட்டும், சாடி பிறகு. ஆனால் பனிக்காலம் முழுக்கக் கறிக்கு இலை ஆயலாம் என்று எண்ண வேண்டாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை நாங்கள் தமிழ்க் கடையில் பை இலைதான் வாங்குகிறோம். வீட்டில் கறிவேப்பிலை மரம் நிற்கக் கடையில் வாங்குவதா என்று வந்தவர்கள் கேட்பார்கள். மாமி பதிலே சொல்ல மாட்டார்.

இந்தப் பனிக்காலம் முடியும்போது ஒரு குழாய் இடது ஓரத்தில் மங்கத் தொடங்கிவிட்டது. மற்றதற்குக் கீழே நின்ற கத்தரி நாற்றுகள் திடமாக இருக்க, இதற்குக் கீழே நின்றவை வலப்பக்கம் சாய்ந்து நின்றன. புதிது வாங்கியாயிற்று. பழையதைக் குப்பையில் போடப் போனேன், மாமி பறித்துக்கொண்டார். இப்போது அது தேங்காய் துருவும் இடத்துக்கு மேலே எரிகிறது.